ரெவிட்டில் குழாய் உறுப்புகள்: வால்வு ஒன்றைச் சரியாக அமைக்கும் முறை

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டின் மாடலில், 50 மி.மீ. சில்டு வாட்டர் (குளிர்விக்கப்பட்ட நீர்) குழாய் ஒன்றின் நடுவே, இணையத்திலிருந்து இறக்கிய பால் வால்வு (ball valve) ஒன்றை வைக்கிறோம். குழாய் வெட்டுப்பட்டு வால்வு இடையில் அமரும் என்று எதிர்பார்த்தால், வால்வின் இருபுறமும் நாம் கேட்காமலே ரெட்யூசர்கள் (வெவ்வேறு அளவுகளை இணைக்கும் துண்டுகள்) வந்து ஒட்டிக்கொள்கின்றன; இல்லையென்றால் குழாய் வெட்டுப்படாமலே வால்வுக்குள் புகுந்து ஓடுகிறது. இதற்கு வால்வின் உருவத்தில் பிழை தேடிப் பயனில்லை, ஏனெனில் குழாய் அந்த உருவத்தைக் கவனிப்பதே இல்லை. ஃபேமிலியின் (உறுப்பை வரையறுக்கும் ரெவிட் கோப்பு) வகை, அதில் குழாய் வந்து இணையும் புள்ளிகளான கனெக்டர்கள், விட்டத்தைத் தாங்கும் பராமீட்டர் (மாற்றத்தக்க அளவு) ஆகிய மூன்றும்தான் உறுப்பின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். எல்போ (வளைவு), டீ (மும்முனைக் கிளை), ரெட்யூசர் போன்ற பைப் ஃபிட்டிங்குகள், நாம் குழாயை வளைக்கும்போதும் கிளை பிரிக்கும்போதும் தாமாகவே வந்து அமர்பவை. எது வர வேண்டும் என்பது குழாய் வகையின் ரூட்டிங் பிரிஃபரன்ஸ் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் மேலிருந்து கீழாக வாசிக்கப்பட்டு, அளவுக்குப் பொருந்தும் முதல் விதியே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே 50 மி.மீ. வரை மரையிட்ட எல்போவும் அதற்கு மேல் பற்றவைக்கும் எல்போவும் வேண்டுமென்றால், எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் விதி எதையும் இவற்றுக்கு மேலே விட்டுவைக்கக் கூடாது. பட்டியலைப் பின்னர் திருத்தினாலும் ஏற்கெனவே வரைந்த குழாய்களில் உள்ள ஃபிட்டிங்குகள் தாமாக மாறுவதில்லை. அந்தக் குழாய்த்தொடரைத் தேர்ந்தெடுத்து ரீஅப்ளை டைப் கொடுத்தால்தான் மாறும். வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) முதலிய பைப் ஆக்சசரிகளோ நாமே கொண்டுபோய் வைப்பவை.

ஃபேமிலி எடிட்டரைத் திறந்து, ஃபேமிலி கேட்டகரி அண்ட் பராமீட்டர்ஸ் பெட்டியில் கேட்டகரி பைப் ஆக்சசரீஸ் என்றும், பார்ட் டைப் ‘வால்வ் - பிரேக்ஸ் இன்டூ’ என்றும் இருக்கிறதா எனப் பாருங்கள். ‘வால்வ் - நார்மல்’ என்றிருந்தால் அது குழாயை வெட்டாது. குழாயின் முனையில் பொருத்தும் வால்வுக்கு அது போதும், நடுவில் வரும் வால்வுக்கு ஆகாது. அதே பெட்டியில் ‘ஆல்வேஸ் வெர்ட்டிகல்’ தேர்வை நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை செங்குத்துக் குழாயில் வால்வு ஒழுங்காக அமராது.

அடுத்தது கனெக்டர்கள். வால்வின் இரு முகங்களிலும் ஒவ்வொன்றாக, ஒரே நேர்கோட்டில், அம்புக்குறிகள் எதிரெதிராக வெளிநோக்கி இருக்கும்படி அவை இருக்க வேண்டும். அக்கோடு ஃபேமிலியின் மூலப்புள்ளி வழியாகச் செல்வது நல்லது. வால்வை எந்த அமைப்பிலும் பயன்படுத்துவோம் என்பதால், கனெக்டர் எவ்வகை அமைப்புக்குரியது என்று குறிக்கும் சிஸ்டம் கிளாசிஃபிகேஷனை ‘குளோபல்’ என வையுங்கள். குடிநீர் என்று குறித்துவிட்டால் சில்டு வாட்டர் குழாயோடு அது இணங்காது. பிறகு ஒரு கனெக்டரைத் தேர்ந்தெடுத்து, லிங்க் கனெக்டர்ஸ் கட்டளையால் மற்றதோடு இணைக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். விட்டுவிட்டால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும், ஆனால் சிஸ்டமும் ஓட்ட அளவும் வால்வைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகாது.

இனி ரெட்யூசர் விவகாரம். விட்டம் டைப் பராமீட்டராக (அந்த வகை முழுவதற்கும் ஒரே மதிப்பு) இருந்தால் வால்வு தன் அளவை விட்டுக்கொடுக்காது: 25 மி.மீ. டைப்பை 50 மி.மீ. குழாயில் வைத்தால், அளவு வேறுபாட்டைச் சமன்செய்ய ரெவிட் இருபுறமும் ரெட்யூசர் போடும். அதன் பார்வையில் அது பிழையே அன்று. வால்வு குழாயின் அளவை ஏற்க வேண்டுமானால், பெயரளவு விட்டத்தை இன்ஸ்டன்ஸ் பராமீட்டராக்கி (வைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு), இரு கனெக்டர்களின் விட்டத்தையும் பக்கத்திலுள்ள சிறு பொத்தான் வழியாக அந்தப் பராமீட்டரோடு கட்டிவிட வேண்டும். கனெக்டர் ஆரத்தைக் கேட்கிறதா, விட்டத்தைக் கேட்கிறதா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆரத்தின் இடத்தில் விட்டத்தைக் கட்டினால் 50 மி.மீ. வால்வு 100 மி.மீ. ஆகிவிடும்.

உடல் நீளம், ஃபிளேஞ்ச் (முனை விளிம்புத் தட்டு) விட்டம் போன்றவை பெயரளவோடு ஒரே விகிதத்தில் வளர்பவை அல்ல. 50 மி.மீ. எஃகுக் குழாயின் உண்மையான வெளிவிட்டம் 60.3 மி.மீ.; 100 மி.மீ. குழாய்க்கு அது 114.3 மி.மீ. இரண்டால் பெருக்கும் சூத்திரம் இங்கே பொய்த்துவிடும். எனவே உற்பத்தியாளரின் அளவுகளைச் சிஎஸ்வி அட்டவணையாக்கி ஃபேமிலிக்குள் ஏற்றி, சைஸ்_லுக்கப் சூத்திரத்தால் ஒவ்வோர் அளவையும் எடுத்துக்கொள்வதே முறை. அச்சூத்திரத்தில் அட்டவணையில் இல்லாத அளவு வந்தால் பயன்படுத்த ஓர் இயல்பு மதிப்பும் கொடுக்க வேண்டும். நான் அங்கே வேண்டுமென்றே அபத்தமான பெரிய எண் ஒன்றைக் கொடுப்பது வழக்கம். 65 மி.மீ. அட்டவணையில் விடுபட்டிருந்தால் வால்வு யானை போல வீங்கி, பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

முடித்ததும் வெற்றுப் பிராஜெக்ட் ஒன்றில் 25, 50, 100 மி.மீ. அளவுகளில் கிடைக்குழாய், செங்குத்துக் குழாய், சரிவுக் குழாய் வரைந்து, ஒவ்வொன்றிலும் வால்வை வைத்துப் பாருங்கள். வைத்தபின் குழாயின் அளவை மாற்றி, வால்வும் கூடவே மாறுகிறதா என்று கவனியுங்கள். பிளானில் கோர்ஸ், மீடியம், ஃபைன் என்ற விவர நிலைகள் மூன்றையும் மாற்றிப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் முதல் இரண்டிலும் குழாய் ஒற்றைக் கோடாகவே தெரியும். அங்கே வால்வுக்குக் குறியீடு வரைந்திருக்காவிட்டால், ஒற்றைக் கோட்டின் மேல் முழு உருவமும் கொழுக்கென்று உட்கார்ந்திருக்கும். கடைசியாக, வால்வின் ஒருபுறத்துக் குழாய்க்குச் சிஸ்டம் டைப்பை மாற்றிவிட்டு, மறுபுறத்துக் குழாயின் நிறமும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால், ஃபேமிலியை மறுபடி திறந்து கனெக்டர்களிலிருந்து தொடங்க வேண்டும்.