தட்டு விழாத இடத்தில் கார்டு: ஜாஸ் கிட்டாரில் காம்பிங் பழகும் முறை

கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) எல்லாம் தெரியும், விரல் தேடாமல் போய் உட்காருகிறது, ஆனால் யாராவது சோலோ வாசிக்கும்போது பின்னால் கார்டு போடச் சொன்னால் (இதைத்தான் காம்பிங் என்கிறார்கள்) மட்டும் நான்கு பீட்டில் ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று சுவரில் ஆணி அடிப்பது மாதிரியே விழுகிறது. உடனே எல்லாரும் செய்வது, ரிதம் பேட்டர்ன்களைத் தேடிப் பிடித்துப் பத்துப் பதினைந்தை மனப்பாடம் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன், ஒரு வருடம் அதிலேயே போனது.

அப்புறம் ஒருநாள் போனைத் தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். சத்தத்தைக் கேட்கத்தான் எடுத்தது, ஆனால் படத்தில் விழுந்ததோ என் கால். பார்த்தால், கை ஆஃப்பீட்டில், அதாவது இரண்டு பீட்டுக்கு நடுவில், கார்டு போடும்போதெல்லாம் காலும் அதோடு சேர்ந்து டப்பென்று விழுகிறது! அதாவது நான் ஆஃப்பீட்டே வாசிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பீட்டை நைசாக நகர்த்தி வைத்துவிட்டு அதன் மேலேயே வாசித்திருக்கிறேன். பேஸ் வாசிப்பவர் ஏன் அப்படி முறைத்துக்கொண்டே இருந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே முதல் வேலை கைக்கு இல்லை, காலுக்கு. டிக் டிக்கென்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். அந்த டிக் சத்தத்தை ஒன்று, மூன்று என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டு, நான்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள், இப்போது உங்கள் வேகம் 120. ஒவ்வொரு டிக்குக்கும் 'டூ', 'ஃபோர்' என்று வாயால் சொல்லி, பிடி கிடைத்ததும் நடுவில் 'ஒன்', 'த்ரீ' சேருங்கள். முதல் சில நாள் பாதியில் மண்டை தலைகீழாகப் புரண்டு, டிக் திரும்பவும் ஒன்றாகிவிடும். நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள், அவ்வளவுதான். கால் நான்கு பீட்டுக்கும் தட்ட வேண்டும், கிட்டாரைத் தொடவே வேண்டாம்.

கால் நின்றதும் நான்கு பீட்டிலும் ஒரே அளவாகக் கார்டு போடுங்கள். ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் 1937-ல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், ஏறக்குறைய ஐம்பது வருடம் பெரும்பாலும் இதை மட்டுமே செய்தவர். சின்கோபேஷன், அதாவது பீட்டிலிருந்து விலகி அடிப்பது, பழக வந்தவனுக்கு எதற்கு இது என்று தோன்றும். எதிலிருந்து விலகுகிறோமோ அது முதலில் கையில் இருக்க வேண்டாமா?

கார்டுக்கு மூன்று தந்தி போதும். டி மைனர் 7-க்கு ஐந்தாம் தந்தியில் 5-வது ஃப்ரெட், நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 5. ஜி 7-க்கு ஆறாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 4. நடுவில் இருக்கும் ஐந்தாம் தந்தியை, ஆறாம் தந்தியை அழுத்தும் விரலின் சதையாலேயே தொட்டு ஊமையாக்கிவிடுங்கள். சி மேஜர் 7-க்கு ஐந்தாம் தந்தியில் 3, நான்காம் தந்தியில் 2, மூன்றாம் தந்தியில் 4. மேலே உள்ள இரண்டு சுரங்களை மட்டும் கவனியுங்கள். டி மைனரிலிருந்து ஜி-க்குப் போகும்போது ஒன்று அசையாமல் நிற்கிறது, மற்றது ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. ஜி-யிலிருந்து சி-க்குப் போகும்போது நின்றது இறங்குகிறது, இறங்கியது நிற்கிறது. பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் இந்த இரண்டு சுரம் மட்டுமே போதும், கீழ் சுரத்தை அவரிடமே விட்டுவிடலாம். பெரிய பெரிய கார்டுகளை வைத்துக்கொண்டு ரிதம் பழகாதீர்கள். புத்தி விரலுக்குப் போய்விடும், நேரம் தப்பிவிடும்.

இனி ஆஃப்பீட். 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று எண்ணும்போது அந்த 'அண்ட்' ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் நட்டநடுவில் விழாது, கொஞ்சம் தள்ளி விழும். ஒரு பீட்டைத் 'தகிட' என்று மூன்றாகச் சொல்லிப் பாருங்கள். 'த'வில் கால், 'ட'வில் 'அண்ட்'. நடுத்தர வேகத்துக்கு இது நல்ல அளவு. வேகம் ஏற ஏற அந்தத் தள்ளல் குறைந்து சமமாகிக்கொண்டே போகும், அதனால் 200-ஐத் தாண்டியும் தகிடவைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

முதல் பேட்டர்னாக சார்ல்ஸ்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களில் அதே பெயரில் வந்த நடனப் பாட்டிலிருந்து வந்தது. ஒன்றில் ஒரு அடி, இரண்டுக்கு அடுத்த 'அண்ட்'டில் ஒரு அடி, மீதி முழுக்க மௌனம். என் பயிற்சியில் பாதிக்கு மேல் இந்த ஒரே பேட்டர்ன்தான், ஏனென்றால் இதை நகர்த்தலாம். அதே இடைவெளியை வைத்துக்கொண்டு தொடக்கத்தை அரை பீட் தள்ளினால், ஒன்றின் 'அண்ட்'டிலும் மூன்றிலும் விழும். இன்னும் அரை பீட் தள்ளினால் இரண்டிலும் மூன்றின் 'அண்ட்'டிலும். இப்படியே போனால் ஒரு பாருக்குள் (நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார்) எட்டுத் தொடக்கம் கிடைக்கும், கடைசி மூன்றில் இரண்டாவது அடி அடுத்த பாருக்குள் போய் விழும். ஒரு நாளைக்கு ஒரு தொடக்கம் போதும். முதல் ஐந்து நிமிடம் இடது கையால் தந்திகளை மூடிக்கொண்டு 'சக்' என்ற சத்தத்தில் மட்டும் அடியுங்கள், கால் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கார்டு. இரண்டின் 'அண்ட்'டும் நான்கின் 'அண்ட்'டும் மட்டும் வரும் பேட்டர்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 1950-களில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் பியானோ வாசித்த ரெட் கார்லண்டின் இடது கையில் அடிக்கடி கேட்பது அது. அதில் காலோடு ஒட்டுகிற அடி ஒன்றுகூடக் கிடையாது. என் கால் அதிகம் வழுக்கியது அதில்தான்.

நான்கின் 'அண்ட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே விழும் கார்டு பெரும்பாலும் இந்த பாருடையது இல்லை, அடுத்த பாருடையது, அரை பீட் முன்னாலேயே வந்துவிடுகிறது. டி மைனர் பாரின் கடைசி 'அண்ட்'டில் ஜி 7 வர வேண்டும். இங்கே இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, பழைய கார்டையே அடித்துவிடுவது. இன்னொன்று, சரியான கார்டை அடித்துவிட்டு, போதாதென்று அடுத்த ஒன்றிலும் திரும்ப ஒரு அடி வைப்பது. அந்த இரண்டாவது அடி பயத்தில் வருவது, பீட் தொலைந்துவிட்டதோ என்ற பயம். அடிக்காதீர்கள். அடித்த கார்டை ஒன்றைத் தாண்டி ஒலிக்க விடுங்கள், அந்த ஒன்றைக் கால் தட்டட்டும். இந்த ஓர் இடத்தை மட்டும் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வாசித்தாலும் தகும்.

அடி எங்கே விழுகிறது என்பதில் இருக்கும் அக்கறை, அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதில் யாருக்கும் இருப்பதில்லை. சார்ல்ஸ்டனில் முதல் அடியை நீட்டி இரண்டாவதைக் கத்தரித்துப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள், வேறு பேட்டர்ன் மாதிரியே கேட்கும். கத்தரிப்பது இடது கையின் வேலை. தந்தியை விட்டு விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும், முழுக்க எடுத்தால் திறந்த தந்தி முனகும். வலது கைக்கு பிக்கா விரலா என்றால், மூன்று தந்தியும் ஒரே கணத்தில் ஒலிப்பதால் எனக்கு விரல்தான் பிடிக்கும். பிக்கில் நன்றாக வருகிறது என்றால் மாற்றிக்கொள்ள அவசியமில்லை.

கொஞ்சம் கை வந்ததும் ஏதாவது ஒரு பன்னிரண்டு பார் புளூஸ் பதிவை ஓடவிட்டுச் சேர்ந்து வாசியுங்கள். ஒரு நிபந்தனை, ஒரு பாருக்கு அதிகபட்சம் இரண்டு அடி, நான்கு பாரில் ஒரு பாராவது காலியாக இருக்க வேண்டும். சோலோ வாசிப்பவர் நீளமாக ஓடும்போது நீங்கள் ஒதுங்குங்கள், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு அடி வையுங்கள். அந்தக் காலி பாரில்தான் கை பரபரக்கும்.

பியானோ வாசிப்பவரும் கூட இருந்தால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தள்ளித் தள்ளி அடித்தால் சந்தைக்கடைதான். யார் எந்தச் சுற்றுக்குக் கார்டு போடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் முறை இல்லாத சுற்றில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுக் காலை மட்டும் தட்டிக்கொண்டிருங்கள்.