இளையராஜா பாடலில் இடையிசையைக் கேட்பது எப்படி

ஒரு திரைப்பாடல் பிடித்திருக்கிறது என்று சொல்பவரிடம் காரணம் கேட்டால், பாடியவரின் குரலையோ கவிஞரின் வரியையோதான் பெரும்பாலும் சொல்வார். பாடுபவர் நிறுத்தி, கருவிகள் மட்டும் ஒலிக்கும் இடையிசைப் பகுதிகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய இளையராஜாவின் பாடல்களைப் பொறுத்தவரை, அந்தப் பகுதிகளைத் தவறவிட்டவர் பாடலைப் பாதிதான் கேட்டிருக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. அவற்றைக் கேட்கப் பழகுவதற்கு இசைப் பயிற்சி தேவையில்லை. பொறுமையும் ஓர் ஒழுங்கும் போதும்.

முதலில் பாடலின் அமைப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தொடக்க இசை, பல்லவி, முதல் இடையிசை, முதல் சரணம், இரண்டாம் இடையிசை, இரண்டாம் சரணம் என்பதே வழக்கமான வரிசை. இரண்டு சரணங்களும் பொதுவாக ஒரே மெட்டில் அமைந்திருக்க, இரண்டு இடையிசைகளையும் அவர் பெரும்பாலும் வெவ்வேறாகவே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கலைஞரும் வாசிக்க வேண்டியதை மேற்கத்திய இசைக்குறியீட்டில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம் என்பதால், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு வயலின் இழையையும் யோசித்து வைத்த ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வரிகள் மனப்பாடமாகிவிட்ட பாடலையே தேர்ந்தெடுங்கள். சொற்கள் பழகியிருந்தால்தான் காது அவற்றை விட்டு விலகும். காட்சியைப் பார்க்காமல், நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும், இந்தப் பயிற்சிக்கோ அதுதான் முதல் படி.

‘மூடுபனி’ (1980) படத்தில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலை இதற்காகவே பரிந்துரைக்கிறேன். குரலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அடியில் ஓடும் பேஸ் கிட்டாரை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். அது பாடகரின் மெட்டைத் திருப்பிச் சொல்லாமல் தனக்கென ஒரு வழியில் நகர்வதையும், அந்த நகர்வால் ஒரே வரியின் உணர்ச்சி சற்றே மாறுவதையும் இரண்டு மூன்று முறை கேட்டபின் உணர்வீர்கள். அடுத்து ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா பொழிகிறதே’ பாடலுக்குச் செல்லலாம். தொடக்கத்தில் நம்மை ஈர்க்கும் அந்தக் கிட்டார், எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடத் தொடங்கியதும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

பல கருவிகள் ஒன்றாக ஒலிக்கும் பாடலுக்கு அதன் பிறகே வாருங்கள். ‘தளபதி’ (1991) படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாடலில் கிராமத்துத் தாளமும் பெரும் வயலின் கூட்டமும் சேர்ந்து ஒலிக்க, நடுவே ‘குனித்த புருவமும்’ என்னும் அப்பர் தேவாரம் வந்து அமர்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று உறுத்தாமல் எப்படி இணைகின்றன என்பதற்கான விடை, அவற்றை இணைக்கும் இசைப்பகுதிகளில்தான் கிடைக்கும். எனக்கு இது அவருடைய ஆகச் சிறந்த கட்டமைப்புகளில் ஒன்று.

காட்சியைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே படத்தின் ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’யைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், காதல் மெட்டுக்கு நடுவே இவ்வளவு ஆவேசமான இசை எதற்கு என்ற கேள்வி எழும். பிறகு திரையில் போர்க்களம் விரியும்போது, காதலையும் பிரிவையும் எஸ்.பி.பி.யும் எஸ். ஜானகியும் பாட, போரை இடையிசை சுமந்து நிற்பது விளங்கும். காட்சியை முதலிலேயே பார்த்துவிட்டால் அந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லை.

இப்படிக் கேட்டபின் உங்கள் கருத்தைச் சொல்லும்போது, ‘அருமை’ என்று நிறுத்திவிடாமல் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டாம் இடையிசையில் குழல் நுழையும் இடம் என்று சொன்னால், கேட்பவர் தாமே அங்கே சென்று சரிபார்க்க முடியும், மறுக்கவும் முடியும். ராகத்தின் பெயர் தெரிந்தால் சொல்லலாம். ஆனால் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை என்று அறிவிப்பது மட்டும் கருத்தாகிவிடாது. பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் அந்த ராகம் ஒரு திரைப்பாடலின் சிறிய அளவுக்குள் எப்படி அடங்குகிறது என்று சொல்வதே கருத்து.

1992-இல் ‘ரோஜா’வுடன் வந்த ஏ.ஆர். ரஹ்மானோடு ஒப்பிட்டுச் சண்டையிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அவருடைய பாடல்களில் ஒலியின் தன்மையும் அடுக்குகளும் முன்னிற்பதால், அவற்றைக் கேட்கும் முறையும் வேறு. முதலில் ஒவ்வோர் ஒலியும் எந்தக் கணத்தில் நுழைகிறது, எப்போது விலகுகிறது என்பதைக் குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.