மரத்தடியிலும் மண்டபத்திலும் கியூஆர் கோடு வைப்பது எப்படி

பழைய கட்டடங்கள், பெரிய மரங்கள், சிற்பங்கள் பக்கத்தில் கியூஆர் கோடு வைப்பது எனக்கு மிகப் பிடித்த வேலை. நீங்களும் செய்யலாம். ஆனால் கோட்டுக்கு முன்னால் அது திறக்கும் பக்கத்தைத் தயார் செய்யுங்கள். அங்கே நிற்பவரின் கண்ணெதிரே இருப்பதைப் பற்றித்தான் அது பேச வேண்டும். ஏதோ ஒரு முகப்புப் பக்கத்துக்கு அவரை இழுத்துப்போவது நியாயமே இல்லை.

இணைய முகவரி சுருக்கமாக இருக்கட்டும். எழுத்துகள் கூடக்கூடக் கோட்டிலுள்ள கருப்பு வெள்ளைக் கட்டங்களும் பெருகும். மிகச் சிறிய கோட்டில் ஓர் ஓரத்துக்கு 21 கட்டங்கள், மிகப் பெரியதில் 177. கட்டம் பொடியானால் கேமரா திணறும். முகவரி உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது இன்னும் முக்கியம். முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவை ஏதாவது நின்றுபோனால் பலகையையே மாற்ற வேண்டிவரும்.

வெயில், மழை படும் இடமென்றால் கோட்டை உருவாக்கும்போதே பிழைதிருத்த அளவில் (சிதைவை எவ்வளவு தாங்கும் என்ற அளவு) 'எச்' எடுங்கள். சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். வெளிர் பின்னணியில் கருப்பு, பளபளப்பில்லாத பரப்பு, அவ்வளவுதான். அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்க 10 சென்டிமீட்டர் அகலக் கோடு.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், தனிக் கம்பம் நடுங்கள். கோட்டின் கீழே முகவரியை எழுத்திலும் போடுங்கள், ஸ்கேன் செய்ய முடியாதவர்களும் வருவார்கள்.

அப்புறம், அவ்வப்போது நேரில் போய் ஸ்கேன் செய்து பாருங்கள். உங்கள் கோட்டின் மேல் வேறு யாராவது மோசடிக் கோட்டை ஒட்டியிருந்தால் உடனே உரித்தெடுங்கள்.