காது மிஷின் வெளியே தெரியக்கூடாதா? அப்படியானால் சின்னதைத் தேடாதீர்கள்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடையில் நிற்கிறவன் நான். வந்த அம்மா "பட்டு இருக்கா" என்று கேட்டால் என் காதில் "பத்து" என்று விழும், என்ன பத்து என்று முழிப்பேன். சரி, மிஷின் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தபோது எனக்கு இருந்த ஒரே நிபந்தனை பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியக்கூடாது என்பதுதான். இருந்ததிலேயே சின்னதாக, காதுக்குள் முழுசாகப் போய்விடுகிற ஒன்றை வாங்கினேன்.

அது தப்பு. காதை அடைத்துக்கொண்டு, என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. பேட்டரி 10 நம்பர், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியது, மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, வாரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஒருநாள் மாற்றும்போது அது சேலை மடிப்புக்குள் விழுந்து, கடையில் நாலு பேர் சேர்ந்து தேடினோம். அப்புறம் என்ன ரகசியம்?

ஆகவே முதலில் டாக்டர். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சிலருக்குக் குரும்பியை எடுத்தாலே காது திறந்துவிடும். நேற்றுவரை கேட்ட காது திடீரென்று ஓரிரு நாளில் மந்தமானால் மிஷின் பேச்சே வேண்டாம், அன்றைக்கே ஓடுங்கள், நாள் கடந்தால் மருந்து வேலை செய்வது கஷ்டம்.

பீப் சத்தம் கேட்டதும் கை தூக்கச் சொல்லி எடுப்பார்களே, அந்த கிராஃபைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எது உங்களுக்கு ஆகும் என்பதை அதுதான் சொல்லும், விற்கிறவர் இல்லை. காசிமேட்டில் போட் இன்ஜின் பக்கத்திலோ லேத் பட்டறையிலோ காலம் தள்ளியவர்களுக்குப் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். கனத்த ஒலி கேட்கும், ச, த மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவும். இவர்களுக்கு ஆர்.ஐ.சி. என்கிற வகை பொருந்தும்: கருவி காதுக்குப் பின்னால், அதிலிருந்து மெல்லிய ஒயர், நுனியில் குட்டி ஸ்பீக்கர், அதன் மேல் ஓட்டை போட்ட சிலிகான் குல்லா. காது அடைபடாது, குடத்துக் குரலும் வராது. தோல் நிறத்தில் எடுத்துக் காட்டுவார்கள், வாங்காதீர்கள், அது ஒளிவது முடிக்குப் பின்னால்தான், முடி நிறத்தில் கேளுங்கள். நான் நரைக்குத் தோதாகச் சாம்பல் எடுத்தேன். மூன்று மாதம் கழித்து முதலில் கண்டுபிடித்தவர் சலூன்காரர்.

கேட்கும் குறை 70 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அளவு, கிராஃபில் இருக்கும்) மேல் என்றால் குட்டி மிஷினோடு மல்லுக்கட்ட வேண்டாம், பலமும் போதாது, கீச் என்று கத்தும். காதுக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய வகைதான் சரி. இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு முயற்சி செய்யுங்கள், அரசு மிஷின் இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறது.

ஏசி அறையில் ஒருத்தர் எதிரே உட்கார்ந்து பேசினால் எந்த மிஷினும் அருமையாகத்தான் கேட்கும். போட்டுக்கொண்டு தெருவுக்கு வாருங்கள், டீக்கடையில் நின்று, கூட வந்தவரைப் பக்கவாட்டிலிருந்து பேசச் சொல்லுங்கள். காதுக்குள் போகும் குட்டி வகையில் பெரும்பாலும் ஒரு மைக்தான், பின்னால் அடிக்கிற ஹாரனை அதனால் அவ்வளவாகப் பிரிக்க முடியாது. சொல்கிற விலை ஒரு காதுக்கா இரண்டுக்குமா, பிறகு ட்யூனிங் செய்யக் காசு உண்டா, இதையும் கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருவது வெறும் சத்தம் கூட்டுகிற பெட்டி.

கடற்கரைக் காற்றும் வியர்வையும் மிஷினுக்கு ஆகாது. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். முகக்கவசம் கழற்றும்போது பார்த்துக் கழற்றுங்கள், கயிறோடு மிஷினும் பறந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் எல்லாச் சத்தமும் எரிச்சலாக இருக்கும். எங்கே எது உறுத்தியது என்று சீட்டில் எழுதி ட்யூனிங்குக்கு எடுத்துப் போங்கள். என் சீட்டில் முதல் வரி, பாலிதீன் கவர்.