தொலைவில் இருக்கும் ஆன்டெனா ட்யூனர்: எங்கெல்லாம் தவறுகிறோம்

அமெச்சூர் ரேடியோவில், எந்தக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டினாலும் அதன் அடியில் வைக்கும் ஆட்டோ ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குத் தானாகவே பொருத்தும் கருவி) பொருத்திக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. மாடியில் 20 மீட்டர் கம்பிக்கு இடம் இருக்கிறது, கட்டிவிடலாம் என்பார்கள். ஆனால் அந்த நீளம் 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய அரை அலைநீளம், 14-இல் முழு அலைநீளம், 21-இல் ஒன்றரை. மூன்று பேண்டிலும் (அலைவரிசைத் தொகுதியிலும்) ட்யூனர் இணையும் கம்பி முனையில் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு, ஆயிரக்கணக்கான ஓம்களுக்குப் போய்விடும்; ட்யூனர் ரிலேக்களை (உள்ளிருக்கும் மின் ஸ்விட்ச்சுகளை) தட்டித் தட்டித் தேடிவிட்டுக் கைவிடும், இல்லையென்றால் பொருந்திவிட்டதாகக் காட்டும், ஆனால் பவரை ஏற்றியதும் உள்ளே பொறி பறக்கும். ட்யூனர் பக்கத்தில் இருந்தால் அந்தச் சத்தம் காதில் விழும், தொலைவிலிருந்து இயக்கும்போது தெரியவே தெரியாது. 12.5 அல்லது 17.7 மீட்டர் வைத்துப் பாருங்கள், ட்யூனருக்கு வேலை எளிது. ட்யூனரிலிருந்து தரையில் விரியும் ரேடியல் கம்பிகளும் வேண்டும், அவை இல்லாவிட்டால் ரிக்கையும் (ரேடியோ செட்டையும்) ட்யூனரையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவின் மறுபாதியாகி, ஆர்எஃப் (ரேடியோ அலை ஆற்றல்) நேராக ரிக்குக்கே வந்து சேரும்.

அடுத்தது, முழு பவரில் ட்யூன் செய்வது. 100 வாட் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலே மாறினால் அதன் முனைகள் கருகும். பெரும்பாலான ட்யூனர்களுக்கு 10 வாட் கேரியர் (பேச்சு கலக்காத வெறும் சிக்னல்) போதும். எஸ்எஸ்பியில் (குரல் அனுப்பும் முறை) மைக்கில் பேசி ட்யூன் செய்யப் பார்க்காதீர்கள், சீரான கேரியர் கிடைக்காது. ஏஎம் அல்லது சிடபிள்யூ (மோர்ஸ்) முறைக்கு மாறுங்கள். லீனியர் ஆம்ப்ளிஃபயர் (ரிக்கின் பவரை இன்னும் கூட்டும் கருவி) இருந்தால் அது ஸ்டாண்ட்பையில் இருக்க வேண்டும். அப்புறம், கேரியர் போடுவதற்கு முன் அந்த அலைவரிசையில் யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள், தயவுசெய்து.

ரிக் பக்கத்தில் எஸ்டபிள்யூஆர் (பொருத்தம் எவ்வளவு என்ற அளவு) 1-க்கு 1, அதாவது முழுப் பொருத்தம், என்று பார்த்து நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். 30 மீட்டர் ஆர்ஜி-58 வகைக் கோஆக்ஸ் கேபிள் 28 மெகாஹெர்ட்ஸில், எல்லாம் பொருந்தியிருக்கும்போதே பவரில் 40 சதவீதத்தைத் தின்றுவிடும், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவதையும் அதேபோல் தின்பதால் மீட்டர் உண்மையைவிட அழகாகவே காட்டும். ட்யூனரை ஆன்டெனா அடியில் வைப்பதே, பொருந்தாததால் கேபிளில் இதற்கு மேலும் வரும் கூடுதல் இழப்பைத் தவிர்க்கத்தான்.

ட்யூனருக்கு வேண்டிய டிசி மின்சாரத்தை அதே கோஆக்ஸில் அனுப்புகிறவர்கள், வழியில் டிசிக்கு ஷார்ட்டாகும் பாலனோ (கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் சிறு மின்மாற்றி) ஸ்விட்ச்சோ இருக்கிறதா என்று பாருங்கள். தனி ஒயர் என்றால் மெல்லியதைப் போடாதீர்கள். மின்னழுத்தம் விழுந்தால் ரிலே அரைகுறையாகப் பிடிக்கும், ட்யூனர் கெட்டுவிட்டது என்று நினைத்து வீணாகத் திறந்து பார்ப்போம். மின்சாரம் போய் வந்த பிறகு சில ட்யூனர்கள் பைபாஸில் (எதையும் பொருத்தாமல் நேராகக் கடத்தும் நிலையில்) நிற்கும், அதனால் மறுபடி குறைந்த பவரில் ட்யூன் செய்தே தொடங்க வேண்டும்.

இணையம் வழியாக இயக்குவதாக இருந்தால் இன்னொன்று, இதில் சமரசமே வேண்டாம். பிடிடி (அனுப்பும் பொத்தான்) அழுத்தியிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ரிக் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ரிக்கிலேயே டைம்-அவுட் டைமரை 3 நிமிடத்துக்கு வையுங்கள், பவர் சப்ளையை அணைக்க வேறொரு இணைப்பில் தனி ஸ்விட்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.