பள்ளிப் பராமரிப்பு நிலையத்தின் பொருளாளர் பதவிக்குக் கை உயர்த்த முன்: சிட்னி போகும் நம்மூர்ப் பெற்றோருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் இருந்து குடும்பமாகச் சிட்னிக்குப் போகிறவர்கள், விசா வந்த கையோடு கல்லடியில் எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்துபோவது வழக்கமாகிவிட்டது. மேற்குச் சிட்னியில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, அம்மாவோடு இருக்கவென்று ஊருக்குத் திரும்பியவள் நான். வாடகை எங்கே மலிவு, இங்கத்தை லைசன்ஸ் அங்கே செல்லுமா, ஹோம்புஷ் நல்லதா வென்ட்வொர்த்வில் நல்லதா என்று எல்லாம் கேட்கிறார்கள். பள்ளி விட்ட பிறகு பிள்ளை யாரோடு இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கேட்கத் தோன்றாதுதான். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தாலும் அவள் தாயின் வளவிலோ அடுத்த வளவிலோதான் இருப்பாள். ஒன்றரைக்குப் பள்ளி விட்டால் பிள்ளை நேரே அம்மம்மாவின் குசினிக்குள் போய் நிற்கும். களுவாஞ்சிக்குடியிலும் தம்பிலுவிலிலும் தாயும் தகப்பனும் உத்தியோகம் பார்க்கிற வீடுகள் அப்படித்தான் ஓடுகின்றன. சிட்னியில் பள்ளி 9 மணிக்குத் தொடங்கி 3 மணியளவில் முடிந்துவிடும். நீங்கள் வேலை முடிந்து ரயிலேறி வர ஆறு மணியாகும். இடையில் பிள்ளையைப் பார்ப்பதற்கென்று அநேகமாகப் பள்ளி வளவுக்குள்ளேயே ஒரு பராமரிப்பு நிலையம் இருக்கும். காலையில் பிஃபோர் கெயார், பின்னேரம் ஆஃப்டர் கெயார், தவணை விடுமுறைக்கு வக்கேஷன் கெயார். சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதை ஊஷ் என்றும் சொல்வார்கள். நான் முதன்முதல் இதைத் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொன்னபோது, “ஆரும் இல்லாத புள்ளையளா மனே, காசு குடுத்து ஆக்களைப் புடிச்சுப் பாக்க?” என்று அழுதுவிட்டா. அன்றிரவு எனக்கும் நித்திரை இல்லை. பிறகு அந்த நிலையத்துப் பெண்கள் என் பிள்ளைகளின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகியதைப் பார்த்துத்தான் மனம் ஆறியது.

அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பதியும் அன்றே நிலையத்திலும் பெயர் கொடுங்கள். பள்ளியில் இடம் கிடைத்தால் நிலையத்திலும் கிடைக்கும் என்றில்லை. நிரந்தர வதிவிட விசா உள்ளவர்கள் சென்டர்லிங்க் என்கிற அரசாங்க உதவிப்பண அலுவலகம் வழியாகக் குழந்தைப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிக வேலை விசாவில் போகிறவர்களில் அநேகருக்கு அது இல்லை. அவர்கள் முழுக் கட்டணத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு போகவேண்டும். மானியம் உங்கள் கைக்கு வராது, நேரே நிலையத்துக்குப் போகும், மீதியை நீங்கள் கட்டுவீர்கள். பதிவை நிலையம் அனுப்பியதும் மைகவ் என்கிற அரசாங்க இணையக் கணக்குக்குள் போய் அதை உறுதிப்படுத்த மறக்காதீர்கள். பிந்தி விண்ணப்பித்தால் 28 நாளுக்கு மேல் பின்னோக்கித் தரமாட்டார்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் கொண்டுபோய், அங்கத்தைக் குடும்ப வைத்தியரிடம் கொடுத்து அந்த நாட்டுப் பதிவேட்டில் ஏற்றுவியுங்கள். மானியத்துக்கு அது வேண்டும். பிள்ளையை எடுக்க வருபவரின் பெயர் படிவத்தில் இருக்கவேண்டும். பெரியப்பாவே வந்து நின்றாலும் பெயர் இல்லாவிட்டால் கொடுக்கமாட்டார்கள், கோபிக்கவேண்டாம். சாப்பாட்டுப் பெட்டிக்குள் கஜு வைக்காதீர்கள். கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது உயிராபத்து. ஊரிலிருந்து வந்த கஜுவை என் மகன் சிநேகிதர்களுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அடம்பிடிப்பான். நான் விட்டதே இல்லை.

இனி நான் எழுத வந்த விசயம்.

இந்த நிலையங்களைச் சில பள்ளிகளில் கம்பனிகள் நடத்துகின்றன, சில இடங்களில் உள்ளூர்ச் சபைகள் நடத்துகின்றன. இன்னும் சில இடங்களில் பெற்றோரே நடத்துகிறார்கள். பள்ளியின் பெற்றோர் சங்கமான பி அண்ட் சி நடத்தும், அல்லது பெற்றோர் சேர்ந்து பதிந்த தனிச் சங்கம் நடத்தும். எனக்குப் பிடித்தது பெற்றோர் நடத்துவதுதான். இலாபமென்று வெளியே போகிற காசு அங்கே பிள்ளைகளின் பின்னேரச் சாப்பாட்டுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் திரும்பும். கேட்டால் செவிகொடுப்பார்கள். தைப்பொங்கல் அங்கே பள்ளி விடுமுறைக் காலத்தில் வரும். நாங்கள் மூன்று தமிழ்த் தாய்மார் சேர்ந்து வக்கேஷன் கெயாரில் பொங்கிக் கொடுத்தோம், சீனப் பிள்ளையும் லெபனான் பிள்ளையும் கோலத்துக்கு நிறம் போட்டார்கள். ஆகவே நிர்வாகக் குழுவில் சேரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். சேருங்கள். எங்கள் ஆட்கள் கடைசி வரிசையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

ஆனால் எதில் சேருகிறீர்கள் என்று தெரிந்து சேருங்கள். இங்கே பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்த பழக்கத்தோடு போகாதீர்கள். இங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. சங்கம் மதில் கட்டும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடும். அங்கே பெற்றோர் குழுதான் முதலாளி. சம்பளம், வரிப்பிடித்தம், ஓய்வூதிய நிதி எல்லாம் அதன் தலையில். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கென்று 2012 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சட்டப்படி, நிலையத்தில் நடப்பதற்கு அங்கீகாரம் பெற்ற நிர்வாகமே பொறுப்பு. குழுவில் இருப்பவர்களும் தாங்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்று உறுதிமொழிப் படிவம் கொடுக்கவேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று ஆள் நிற்கவேண்டும். ஒருவர் சுகயீனமென்று வராவிட்டால், மாற்று ஆளை மூன்று மணிக்குள் பிடித்தாகவேண்டும்.

என் மச்சாள் ஊரில் வங்கியில் வேலை பார்த்தவள். கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் வீட்டுக்குப் போகமாட்டாள். அவளுடைய பிள்ளைகளின் நிலையத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. பொருளாளர் யார் என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பொறுக்காமல் அவள் கை உயர்த்தினாள். கைதட்டினார்கள். வங்கி அறிக்கையைக் காட்டினார்கள், நிறையக் காசு இருந்தது. பழைய குழு பல வருடமாகக் கட்டணத்தைக் கூட்டாமல் நடத்தியதாகப் பெருமையாகச் சொன்னது. இவ்வளவு காசு இருக்கும்போது கட்டணத்தைக் குறைத்தால் என்ன என்று எழும்பிக் கேட்டவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

கொஞ்சக் காலத்தில் நிலையத்தின் பொறுப்பாளர் விலகுவதாகக் கடிதம் கொடுத்தா. 12 வருடம் அங்கே வேலை செய்தவ, தங்கமான மனுசி, மகளோடு இருக்கக் குயின்ஸ்லாந்து போனா. அவவின் கடைசிச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கும்போதுதான் மச்சாளுக்கு வயிறு கலங்கியது.

இங்கே பணிக்கொடை உங்களுக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். சின்ன இடமென்றால் அந்தச் சட்டம் பிடிக்காது. அதே எண்ணத்தோடு அங்கே போகிறோம். அங்கே பணிக்கொடை இல்லை, லோங் சேர்விஸ் லீவு இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் அது 1955ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் பிடிக்கும். 10 வருடத்துக்கு 2 மாதச் சம்பளத்தோடு விடுமுறை, எடுக்காமல் விலகினால் காசாகக் கொடுக்கவேண்டும். 12 வருடத்துக்கு அது 10.4 கிழமைச் சம்பளம். 5 வருடம் முடித்தவர் நோய், குடும்ப நெருக்கடி போன்ற காரணத்தால் விலகினாலும் விகிதப்படி உண்டு. பின்னேரம் மட்டும் வந்துபோகும் கேஷுவல் ஆட்களுக்கும் சேரும். படிக்கிற பிள்ளைகள் தானே என்று நினைக்கிறோம், அவர்களில் சிலர் படிப்பு முடிந்தும் அங்கேயே நிற்பார்கள்.

இதோடு வருட விடுமுறை. வருடத்துக்கு 4 கிழமை, அந்த விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் 17.5 வீதம். நல்ல மனுசி என்பதால் அவ விடுமுறையே எடுக்கவில்லை. எடுக்காததெல்லாம் சேர்ந்து கிடந்தது. அடுத்த இரண்டு மூத்த ஊழியர்களுக்கும் அப்படியே. வங்கியில் இருந்த காசில் ஒரு பங்கு பெற்றோர் முற்பணமாகக் கட்டியது. அதைக் கழித்து, ஊழியருக்கு உரியதையும் கழித்தால், பழைய குழு பெருமைப்பட்ட சேமிப்பில் மிச்சமென்று ஒன்றும் இல்லை. ஒரு சதமும் விடுமுறைக்கென்று ஒதுக்கப்படவில்லை. வருடா வருடம் குழு மாறியது, ஒவ்வொரு குழுவும் வங்கித் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோசப்பட்டுப் போனது. கட்டணம் கூடாமல் இருந்ததற்குக் காரணம் அந்த ஊழியர்களின் காசு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

மச்சாள் ஒரு கணக்காளரைப் பிடித்து முழுவதையும் எழுதவைத்தாள். பொறுப்பாளருக்குக் கொடுக்கவேண்டியதைக் குறைக்காமல் கொடுத்தாள். விடுமுறைக் கடனுக்கென்று வேறாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்து ஒவ்வொரு சம்பளத்தோடும் அதற்குள் காசு போடவைத்தாள். கட்டணத்தைக் கூட்டவேண்டி வந்தது. மேஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க்கில் வைத்தே, “இவ வந்த பிறகுதான் காசைக் கூட்டினவ” என்று அவள் காதுபடச் சொன்னார்கள். அவள் அன்று அழுதாள். ஆனால் நிலையம் மூடவில்லை, ஒரு ஊழியரின் காசும் போகவில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி அதைச் செய்தாள் என்பதை நான் எங்கும் சொல்வேன்.

ஆகவே பொதுக்கூட்டத்தில் கை உயர்த்த முன் கேளுங்கள். கோயிலில் புதிதாகப் பொறுப்பேற்கிற வண்ணக்கர் நகையை எண்ணிப் பார்த்துக் கையேற்பது போல நீங்களும் கையேற்கவேண்டும், இருப்பை மட்டுமல்ல, கடனையும். ஒவ்வொரு ஊழியரும் எந்த ஆண்டு சேர்ந்தார், எவ்வளவு விடுமுறை எடுக்காமல் கிடக்கிறது, அது இன்றைய சம்பளத்தில் எவ்வளவு, அந்தக் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். “வங்கியில் தாராளமாக இருக்கிறது” என்பது பதில் ஆகாது. ஓய்வூதிய நிதி கட்டிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். இங்கே சேமலாப நிதிக்கு ஊழியரிடமும் 8 வீதம் வெட்டுகிறோம். அங்கே 2025 ஜூலை முதல் 12 வீதம், அது முழுவதும் சம்பளத்துக்கு மேலாகக் குழு கட்டவேண்டியது. சம்பளப் பதிவுகளை 7 வருடம் வைத்திருக்கவேண்டும்; பழைய பொருளாளரின் வீட்டுக் கணினியில் இருக்கிறது என்றால் அதை நிலையத்துக்கு மாற்றும்வரை பொறுப்பெடுக்காதீர்கள். தனிச் சங்கமாக இருந்தால் இன்னும் கவனம். கடனைத் தீர்க்க வழியில்லை என்று தெரிந்தும் மேலும் கடன்பட விட்டால், குழு உறுப்பினர் மீதே வழக்கு வரலாம்.

இன்னொன்று, எங்கள் மனசு காரணமாக மாட்டுப்படுகிற இடம். கஷ்டப்பட்ட குடும்பமொன்று வந்து நின்றால் “இந்த மாதம் விடுங்கோ” என்று சொல்லத்தான் வாய் வரும். மானியம் எடுக்கிற குடும்பத்துக்கு அப்படி விட முடியாது. மீதிக் கட்டணத்தை அறவிட நிலையம் உரிய முயற்சி எல்லாம் செய்யவேண்டும் என்பது மானிய விதி, அதுவும் 2023 ஜூலை முதல் கைக்காசாக அல்லாமல் வங்கி வழியாக. அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் உதவ வேண்டுமென்றால் சென்டர்லிங்கில் தற்காலிகப் பண நெருக்கடிக்கான மேலதிக மானியம் இருக்கிறது, 13 கிழமை வரை தருவார்கள். படிவத்தை நிரப்பப் பக்கத்தில் இருந்து உதவுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்வியும் அவர்கள் சொன்ன பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும். செயலாளரிடம் அங்கேயே சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசிக்கும்போது அது இல்லாவிட்டால், சேர்க்கும்வரை அந்தக் குறிப்பை ஏற்கச் சம்மதிக்காதீர்கள்.