ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களை வேகமாக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் ஓரளவு கை படிந்தவர்கள் அடுத்ததாக ஸ்ட்ரிங்கின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி போன்றவற்றைத் தாமே வேகமாக எழுதிப் பார்க்க முனைகிறார்கள். அத்தகைய நிரல்களைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுவதைக் காண்கிறேன். ஸ்ட்ரிங் முடிவதைக் காட்டும் பூஜ்ஜியமான முடிவுக் குறிக்கு ஒரு பைட் ஒதுக்க மறப்பது போன்றவற்றை எந்தச் சோதனைக் கருவியும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பக்க எல்லையை மறந்து படிப்பது

பைட் பைட்டாகப் பார்க்காமல் பதினாறு பதினாறாக எடுத்து, அவற்றுள் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று ஒரே அடியில் சோதிப்பதுதான் வேகத்தின் அடிப்படை. ஆனால் அவ்வாறு எடுக்கும்போது ஸ்ட்ரிங்கின் முடிவையும் தாண்டிப் படிக்கிறோம். நினைவகம் பக்கம் பக்கமாகவே ஒதுக்கப்படுகிறது; தாண்டிய பைட்டுகள் அதே பக்கத்தில் இருக்கும்வரை செயலிக்கு ஆட்சேபம் இல்லை. 4096 பைட் பக்கத்தின் கடைசியில் ஸ்ட்ரிங் முடிந்து, அடுத்த பக்கம் ஒதுக்கப்படாமல் இருந்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

நான் பார்த்த ஒரு நிரல், கோப்பை நினைவகம் போலவே காட்டும் எம்மேப் வழியாகத் திறந்த கோப்பிலிருந்து பெயர்களைப் படித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. கோப்பின் கடைசிப் பக்கத்தில் மிஞ்சும் இடத்தை இயங்குதளத்தின் கருவான கெர்னல் பூஜ்ஜியத்தால் நிரப்பித் தருவதால், வரம்பு மீறிய படிப்புகள் எல்லாம் அந்த இடத்தில் விழுந்து தப்பித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் கோப்பின் நீளம் 4096-இன் சரியான மடங்காக அமைந்தது; மிஞ்சும் இடமே இல்லாமல் போனதால் நிரல் விழுந்தது. கோப்பில் இன்னொரு பெயர் சேர்ந்ததும் பிழை தானாக மறைந்தது. நினைவகச் சில்லுகளைச் சந்தேகித்து மாற்றியும் பார்த்த பிறகுதான் ஒருவர் கோப்பின் அளவைக் கவனித்தார். இதைச் சொன்னால் 'எல்லாச் சோதனையிலும் தேறியதே' என்று வரும் பதில்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷனான மேலாக் தரும் நினைவகத்தைச் சுற்றிலும் படிக்கத்தக்க இடமே பெரும்பாலும் இருப்பதால், சாதாரணச் சோதனைகளில் தேறுவதற்கு இங்கே பொருளே இல்லை.

பாயிண்டரை 16-இன் மடங்குக்குக் கீழிறக்கி அங்கிருந்து படிப்பதே சரியான வழி. பக்கத்தின் அளவு 16-ஆல் வகுபடுவதால், இப்படிச் சீராக எடுக்கும் 16 பைட்டுகள் ஒருபோதும் இரு பக்கங்களில் பரவாது. ஒப்பீட்டில் கிடைக்கும், எந்தெந்த பைட் பூஜ்ஜியம் என்று பைட்டுக்கு ஒரு பிட்டாகக் காட்டும் 16 பிட் மாஸ்க்கை, ஸ்ட்ரிங்குக்கு முன்னுள்ள பைட்டுகளின் எண்ணிக்கை அளவுக்கு வலப்புறம் நகர்த்தினால் வேண்டாதவை உதிர்ந்துவிடும். சோதிப்பதற்கு, அடுத்தடுத்து இரு பக்கங்களைப் பெற்று, இரண்டாவதைப் படிக்க முடியாதபடி எம்ப்ரொடெக்ட் கொண்டு பூட்டி, முதல் பக்கத்தின் கடைசி பைட்டில் முடிவுக் குறி அமையுமாறு 0 முதல் 64 வரையுள்ள நீளங்கள் அனைத்தையும் ஓட்டிப் பாருங்கள். இவ்வளவு செய்தாலும் சி மொழியின் விதிப்படி இது வரம்பு மீறல்தான். நூலகங்கள் இப்பகுதியை அசெம்பிளியில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுற்றுக்குள் மறைந்திருக்கும் ஸ்ட்ர்லென்

ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங்கின் முடிவைத் தேடி அங்கே இன்னொன்றை ஒட்டும் ஸ்ட்ர்கேட்டைச் சுற்றுக்குள் (லூப்) வைக்கக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் உரையிலிருந்து மதிப்புகளைப் பிரித்தெடுக்கும் எஸ்ஸ்கேன்எஃப், பல நூலகங்களில் ஒவ்வொரு முறையும் முழு ஸ்ட்ரிங்கின் நீளத்தையும் எண்ணிய பிறகே வேலையைத் தொடங்குகிறது என்பது தெரிவதில்லை. ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டு, ஏறத்தாழ 10 எம்பி அளவுள்ள ஜேசான் உரையை இவ்விதமே படித்துவந்தது. 2021-இல் வெளியாள் ஒருவர் இதையும், மதிப்புகளைச் சேமிக்கையில் நடந்த வீண் தேடலையும் திருத்திக் காட்டியபோது, தொடங்கும் நேரம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது.

ஸ்ட்ர்என்காப்பி

குறித்த அளவுக்கு மட்டும் நகலெடுக்கும் இது, மூலம் நீண்டிருந்தால் முடிவுக் குறியை இடாது, குறுகியிருந்தால் மீதி இடத்தையெல்லாம் பூஜ்ஜியத்தால் நிரப்பும், தொடாதீர்கள்.

ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகள்

மெம்காப்பி அல்ல, மெம்மூவ்.

தன்னையே அழைக்கும் மெம்செட்

நீங்கள் எழுதிய எளிய சுற்றை ஜிசிசி கம்பைலர் அடையாளம் கண்டு, அதற்குப் பதிலாக, நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் அழைப்பையே வைத்துவிடக்கூடும். அந்தச் சுற்று இருப்பது மெம்செட்டுக்குள்ளேயே என்றால், அது முடிவின்றித் தன்னைத்தானே அழைத்துக்கொண்டிருக்கும். வெளிவந்த அசெம்பிளியைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

நீண்ட ஸ்ட்ரிங்கை மட்டும் அளப்பது

ஒரே ஒரு பெரிய ஸ்ட்ரிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி அளந்தால், ஒரே அடியில் பல பைட்டுகளைக் கையாளும் அகன்ற ரெஜிஸ்டர்கள் பிரமாதமாகத் தோன்றும். நடைமுறையில் வரும் ஸ்ட்ரிங்குகளில் பெரும்பாலானவை சில பைட்டுகளே இருப்பதால், அங்கே தொடக்க ஏற்பாடுகளுக்கே நேரம் போய்விடும். மேலும், நீளம் மாறாதிருந்தால் நிரல் அடுத்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே கணிக்கும் செயலியின் கிளை ஊகிப்பான் அதைப் பழகிக்கொண்டு பொய்யான வேகத்தைக் காட்டும். நீளத்தையும் தொடக்க முகவரியையும் ஒழுங்கின்றி மாற்றி மாற்றிக் கொடுத்து அளக்க வேண்டும்.